பி பக்கம் கேட்பவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர்கள், கல்யாண வீட்டில் என்னிடம் மாட்டிக்கொள்ளும் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் பதில் நீண்டு, பந்தியில் இடம் போய்விடுகிறது. அதனால் எழுதிவைத்துவிட்டேன். இனி முதலில் சாப்பிடலாம்.

ஆல்பம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சினிமாப் பாட்டு கணக்கில் வருமா?

வராமல் எப்படி? வேலூரில் நான் வளர்ந்த காலத்தில் ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ ஒட்டிய புத்தகம். பாட்டு வேண்டுமென்றால் படத்தின் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். "ஜானி கீதா? மௌன ராகம் கீதா?" ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு, இருபத்தைந்து நிமிஷம். அதனால் கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், திருப்பிப் போட்டால் வேறொரு படம். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் என் மண்டைக்குள் இன்றைக்கும் ஒட்டுப்பழம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் கணக்கு சுலபம். போட்ட வரிசையிலேயே, நடுவில் எழுந்து போகாமல் கேட்டால், பாட்டு பாட்டாகக் கேட்கும்போது கிடைக்காத ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும். கிடைத்தால் அது ஆல்பம். படமோ பஜனையோ, அது எந்த ஊர்ச் சரக்கு என்பதோ எனக்கு முக்கியமில்லை.

அது என்ன எப்போது பார்த்தாலும் 'பி பக்கம், பி பக்கம்'?

லாங் பஜாரில் தக்காளிக் கூடையைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பானது மேலே இருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து கொட்டும்போதுதான் தெரியும். தட்டுக்கும் கேசட்டுக்கும் இரண்டு பக்கம்: முதலில் போடுவது ஏ, திருப்பிப் போட்டால் பி. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் விற்கிற பாட்டை ஏ பக்கத்தில் முதலாவதாக வைப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கூடையில் பல சமயம் அடியில் இருப்பதுதான் நல்ல பழம்.

இதில் கொஞ்சம் இயந்திரக் காரணமும் இருக்கிறது. எல்பி தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே கதியில்தான் சுற்றும். ஆனால் ஓரத்து வட்டம் பெரியது, நடுவை நெருங்க நெருங்க வட்டம் சின்னது. அதே ஒரு சுற்றில் ஊசிக்கு அடியில் ஓடும் தூரம் குறைந்துகொண்டே போகிறது. சன்னமான மேல் ஒலிகள் அங்கே தெளிவாகப் பதியாது. அதனால் அதிரடிப் பாட்டுகளை ஓரத்திலும் அமைதியானவற்றை நடுவுக்குப் பக்கத்திலும் வைப்பது தட்டு வெட்டுகிறவர்களின் வழக்கம். பக்கம் முடியும் இடத்தில் சத்தம் தணிந்து ஒரு பாட்டு வருகிறதே, அது பாடகரின் மனசு மட்டும் எடுத்த முடிவில்லை.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு ஜாஸும் ராக்கும் எங்கே கிடைத்தன?

ஆஸ்பத்திரியில்.

ப்ளஸ் டூ முடித்து, வேலை கிடைக்கும் வரை மூன்று வருஷம், 1987 முதல் 1990 வரை, ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இருந்தேன். அந்தத் தலைமுறைக்கு விளக்கம் வேண்டாம், இந்தத் தலைமுறைக்கு ஒரு வரி: பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் காசு கொடுத்தால், நாலு நாளில் பதிந்து தருவோம். அறுபது நிமிஷ கேசட்டில் பாட்டைக் கணக்காக அடைப்பது ஒரு கலை. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைக்கு வருவார்கள்.

வேலூருக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி இருப்பதால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வரும். வங்காளிகள், வடகிழக்கு மாநிலத்தார், வெளிநாட்டு டாக்டர்கள். வைத்தியம் இரண்டு மாசம், மூன்று மாசம் என்று இழுக்கும். துணைக்கு வந்தவர்கள் லாட்ஜ் அறையில் எத்தனை நேரம் சுவரைப் பார்ப்பது? ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட்டை எங்களிடம் கொடுத்து இன்னொரு பிரதி போடச் சொல்வார்கள். முதலாளிக்குத் தெரியாமல் எனக்கும் ஒன்று பதிந்துகொள்வேன். (காலி கேசட்டுக்குக் காசு போட்டுவிடுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஐஸாலிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு மிசோப் பையன் ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஷூ டப்பா நிறைய ராக் கேசட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். அவன் அம்மா பிழைத்தார். அந்த டப்பா இன்னும் என் பரணில் இருக்கிறது.

அப்போது எங்கள் ஊர் வட ஆர்க்காடு மாவட்டம். நான் அந்தக் கடையில் இருக்கும்போதே, 1989-இல், திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது.

ஜாஸில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

இரண்டு சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார்.

ஆரணிப் பக்கத்து ஆர்மோனியக்காரர் அவர். கூத்துக்கு வாசிப்பவர். மாசத்துக்கு ஒருமுறை வேலூர் வந்தால் கடைக்கு வந்து பழைய நாடகப் பாட்டு பதிந்துகொண்டு போவார். ஒரு தடவை கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இன்னாபா இது, கட்டை ஏறிக்கினு கீது? என் பொட்டியோட சேரல." நானும் முதலாளியும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அடுத்த தடவை ஆர்மோனியத்தையே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பதிவு செய்கிற டெக்கின் பெல்ட் தளர்ந்து, மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறித்தானே கேட்கும்? எத்தனை நாளாக ஊர் முழுக்க ஏறுகட்டையில் பாட்டு விற்றோமோ.

இது நடந்து பல வருஷம் கழித்து மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பற்றிப் படித்தேன். 1959-இல் நியூயார்க்கில், பழைய சர்ச் ஒன்றை ஸ்டூடியோவாக்கிய கொலம்பியா நிறுவனத்தின் கூடத்தில், மார்ச்சில் ஒரு நாளும் ஏப்ரலில் ஒரு நாளும் பதிந்தது. மார்ச்சில் ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்தப் பதிவுதான் ஏ பக்கம் முழுக்க. ஆக, உலகத்திலேயே அதிகம் விற்ற ஜாஸ் தட்டுகளில் ஒன்று, முப்பது வருஷத்துக்கும் மேல் ஏ பக்கத்தில் கட்டை ஏறியே ஓடியது. அரைக் கட்டைக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனாலும் வித்தியாசம். 1990-களில் வந்த சிடிக்களில்தான் சரிசெய்தார்கள். ஏப்ரலில் பதிந்த பி பக்கம் மட்டும் முதல் நாளிலிருந்தே சுருதி சுத்தம். எனக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த பி பக்கத்தில் இரண்டே உருப்படி. இரண்டாவதில் ஸ்வர வரிசை ஐந்தைக் கொடுத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்போது போவது என்பதை வாசிப்பவரிடமே விட்டிருக்கிறார்கள். பில் எவான்ஸ் பியானோவில் தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். வேலூர் மே மாசத்து ராத்திரி, மொட்டை மாடியில் பாய் போட்டு, தண்ணீர் தெளித்த பிறகு கேட்க வேண்டியது.

இரண்டாவது, ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9-ஆம் தேதி, ஒரே நாளில் நாலு பேர் பதிந்தது. மொத்தம் முப்பத்து மூன்று நிமிஷம், நாலு பகுதி. ஒருநாள் இதன் பி பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்மோனியக்காரர் கடைக்குள் வந்தார். கடைசிப் பகுதி. தாளம் நின்றுவிடும், பின்னால் டிரம்ஸ் இடி மாதிரி உருண்டுகொண்டே இருக்கும், அதற்கு மேல் சாக்ஸபோன் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பேசும். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "இவன் இன்னாபா, விருத்தம் பாடறான்?" என்றார். விருத்தம் என்றால் தாளக்கட்டு இல்லாமல் பாட்டை இழுத்துப் பாடுவது.

பிரதி கேசட்டில் அட்டை கிடையாது, எழுத்து கிடையாது. அதனால் பத்துப் பதினைந்து வருஷம் அது விருத்தம் என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அசல் சிடி வாங்கினால், உள்ளே கோல்ட்ரேன் எழுதிய ஒரு கவிதை அச்சாகியிருக்கிறது. ஆண்டவனுக்கு நன்றி சொல்லும் துதி. அந்தக் கடைசிப் பகுதியில் அவர் வாசிப்பது அந்தத் துதியைத்தான், சொல் சொல்லாக, அசை அசையாக. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டலாம். திருப்புகழுக்கு முன்னால் கந்தரலங்காரத்தில் ஒரு பாட்டை விருத்தமாக இழுப்பாரே என் நைனா, அதே வேலை. வாய்க்குப் பதில் வாத்தியம்.

ஆர்மோனியக்காரருக்கு இதைச் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் குறைதான்.

இந்துஸ்தானி பிடிக்குமா?

பிடிக்கும். வங்காளிகள் புண்ணியம். ஒரு நாள் முழுக்க நிகில் பானர்ஜியின் சித்தாரே கடையில் ஓடும், முதலாளி தலையில் கைவைத்துக்கொள்வார்.

ஆனால் ஆல்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1967-இல் வந்த 'கால் ஆஃப் த வேலி'. சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் காப்ரா கிட்டார். மூன்று பேருமே அப்போது இளவட்டம். காஷ்மீரத்து ஆட்டுக்காரன் ஒருவனின் ஒரு நாள், விடியலில் ஆஹிர் பைரவில் தொடங்கி ராத்திரி பஹாடியில் முடியும். ராகத்துக்கு நேரம் பார்க்கும் வடக்கத்தி வழக்கத்தை எடுத்துக் கதையாகவே கோத்துவிட்டார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். இதுவரை யாரும் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்ததில்லை. பாதிப் பேர் திருப்பியே கொடுக்கவில்லை.

கர்நாடக சங்கீதத்தில்?

கச்சேரி ஆல்பம் இல்லை. அதை கேசட்டில் அடைத்ததே ஒரு சமரசம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், முடிவுக்குக் கொண்டுபோகும் மோரா நெருங்கும்போது 'டக்' என்று பக்கம் முடிந்துவிடும். திருப்பிப் போட்டால் கைதட்டல். அதற்கும் முன்னால் 78 சுற்று இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதற்குள் எப்படி மடித்துவைத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு யானையைத் தீப்பெட்டிக்குள் பார்த்த மாதிரி. குடியாத்தத்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் ஊர்த் தீப்பெட்டியைக் குறை சொல்லவில்லை.

என் தேர்வு எம்.டி. ராமநாதன் பாடிய எந்தப் பதிவானாலும் சரி. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கீழே இறங்கிப் பாட இன்னொருவர் இல்லை. வேகமாக ஓடுகிற டெக்கில் போட்டாலும் அவரைக் கெடுக்க முடியாது என்று கடையில் கேலி பேசுவோம். மெதுவாக ஓடுகிற டெக்கில் மட்டும் போட்டுவிடக் கூடாது.

பக்திப் பாட்டெல்லாம் ஆல்பமா?

ஏன் இல்லை? இந்த நாட்டில் ஒரு தட்டை முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாறாமல், தினமும் கேட்கிறவர்கள் பக்தர்கள்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் தட்டாக வந்தது. அன்றிலிருந்து எத்தனை வீட்டில், எத்தனை விடியலில் ஓடியிருக்கும்? அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கே போகச் செய்துவிட்டார் அவர். எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு டீக்கடையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ பள்ளிவாசலில் பாங்கு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு நாகூர் ஹனிபா பதிந்து கொடுத்தே எங்கள் கடை வாடகையில் பாதி வந்தது. அந்தக் குரலுக்கு மைக் எதற்கு என்று தோன்றும்.

வள்ளிமலை இங்கிருந்து பக்கம். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் இருந்த மலை. திருப்புகழ் எந்தக் கேசட்டிலும் எனக்குத் திருப்தியாக அமையவில்லை. படியேறிக்கொண்டே, மூச்சு வாங்கப் பாடினால்தான் அந்தச் சந்தம் காலில் பிடிபடுகிறது.

இளையராஜாவா, ரஹ்மானா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஒரு மச்சானோடு மூன்று மாசம் பேச்சில்லாமல் போயிருக்கிறது. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ராஜா: 'ஹௌ டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகப் போட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். பாக் தன் வீட்டுக்கு வந்ததாக ஒரு பகுதிக்குப் பேர்வைத்து, அவருடைய மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நம்முடைய சங்கதிகளைப் பேசவிடுகிறார். விருந்தாளியிடம் கூச்சமும் இல்லை, மிதப்பும் இல்லை. 2005-இல் புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்த திருவாசகம் பெரிய முயற்சி. மதிக்கிறேன், ஆனால் எனக்கு அந்தச் சின்னக் குழுதான் நெருக்கம். சினிமாவில் என்றால் 'ஜானி', 1980. ஐந்து பாட்டு, ஐந்து வேறு வேறு குரல். ஜானகி, ஜென்ஸி, சுஜாதா, ஷைலஜா, எஸ்பிபி. ஒருவர் பாட்டு முடிந்து அடுத்தவர் தொடங்கும்போது அறை மாறிப் போகிற மாதிரி இருக்கும், வீடு மட்டும் ஒன்றே.

ரஹ்மான்: 'இருவர்', 1997. எல்லாரும் ரோஜா என்பார்கள். ரோஜா கேட்டுப் பிரமித்தவன்தான் நானும். ஆனால் இருவரில் கர்நாடகம், பழைய எம்ஜிஆர் காலத்து எடுப்பு, ஜாஸ் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இடிக்காமல் குடியிருக்கின்றன. அப்புறம் வைரமுத்துவின் கவிதையைப் பாடாமல், சும்மா வாசிக்கிற இரண்டு இடங்கள். கேசட்டில் பலர் ஓட்டிவிட்டுப் போவது அவற்றைத்தான். எனக்கு அவைதான் அந்த ஆல்பத்தின் தூண்.

ராக்? மெட்டல் எல்லாம் உங்கள் வயசுக்கு…

வயசைப் பற்றிப் பேச வேண்டாம், தம்பி. கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் காதுக்குப் பக்கத்தில் கேட்டு வளர்ந்தவனுக்கு மெட்டல் சத்தமாகவே படாது.

ஷூ டப்பாவில் எனக்குப் பிடித்தது பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971. அதன் கிட்டார்க்காரர் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அப்புறம் தந்தியை இன்னும் தளர்த்தி, கட்டையை இறக்கினார். அந்த இறக்கத்திலிருந்து வந்த கனம்தான் பிறகு மெட்டலுக்கே அடையாளமாகிப் போனது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்சாலைகளில் சொந்தக்காரர் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தக் கதையின் முதல் பாதி புதிதில்லை.

பிங்க் ஃபிளாயிட், 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973: நல்ல ஆல்பம். ஆனால் இதைக் கேட்டவர்கள் பேசுகிற பேச்சுதான் தாங்க முடியவில்லை.

பீட்டில்ஸ், 'சார்ஜன்ட் பெப்பர்', 1967: பி பக்கம் ஜார்ஜ் ஹாரிசன் தம்புரா, தில்ரூபாவோடு தொடங்கிவைக்கும் பாட்டில் ஆரம்பிக்கிறது. இந்தப் பாட்டைத் தாண்டிப்போகும் வெள்ளைக்காரர்கள் அதிகம் என்று கேள்வி. நான் ஏ பக்கத்தைத் தாண்டிப்போகிறேன், கணக்கு சரியாகிவிட்டது.

பாப், ரெக்கே?

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்', 1982. ஒன்பது பாட்டு, நாற்பத்திரண்டு நிமிஷம். பி பக்கத்தின் முதல் இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சுவிட நேரமில்லை. ஏ பக்கத்தில் பால் மெக்கார்ட்னியோடு ஒரு பெண்ணுக்காகச் சண்டை போடும் பாட்டை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்', 1977. 1976 டிசம்பரில் அவரை வீடு புகுந்து சுட்டார்கள். பிழைத்து, லண்டன் போய் இதைப் பதிந்தார். ஏ பக்கம் முழுக்கக் கோபம், ஊரை விட்டுப் போவது. பி பக்கம் திருப்பினால் ஆட்டம், காதல், மூன்று குருவிகள். சுடப்பட்ட மனிதனின் பி பக்கம் இது என்று தெரிந்து கேளுங்கள்.

ஃபியூஷன் என்றாலே மூக்கைச் சுளிக்கிறீர்களே?

இப்போது வருகிறவற்றில் பாதிக்கு. ஒருபக்கம் மிருதங்கம், ஒருபக்கம் டிரம்ஸ், இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் அடித்துக்கொள்வது ஃபியூஷன் இல்லை, பக்கத்துப் பக்கத்துக் கல்யாண மண்டபம்.

சக்தி குழுவின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். 1976-இல் வந்தது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். மேடையில் பதிந்தது. பி பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபத்தொன்பது நிமிஷம். அறுபது நிமிஷ கேசட்டின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பதியும்போது நான் பெருமூச்சுவிட்ட ஒரே ஆல்பம் அதுதான், ஒரு இடமும் அறுக்க வேண்டியிருக்கவில்லை.

மேற்கத்திய கிளாசிகல் புரியுமா?

புரிகிற அளவுக்குப் புரியும். கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. ஒரு ஆரியா, அதன்மேல் முப்பது மாறுதல், திரும்ப அதே ஆரியா. இருபத்திரண்டு வயதில், 1955-இல் பதிந்தார். முப்பத்தெட்டு நிமிஷத்தில் பறந்து முடித்துவிட்டார். மறுபடி நாற்பத்தெட்டு வயதில், 1981-இல், 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிந்த அதே பழைய சர்ச் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தார். ஐம்பத்தோரு நிமிஷம் ஆயிற்று. அடுத்த வருஷம் இறந்துபோனார். இரண்டிலும் அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசிப்பது கேட்கும். எங்கள் வீட்டில் யாரோ சமையலறையில் பாடுகிறார்கள் என்று நினைத்து ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தேன்.

இப்போதைய பிள்ளைகள் பாட்டு கேட்பதில்லையா?

கேட்கிறேன், என் மகள் கேட்கவைக்கிறாள். அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் போட்ட 'தெருக்குரல்'. அறிவு நம்ம அரக்கோணத்துப் பிள்ளை. நம்ம என்று சொல்வதில் இப்போது ஒரு சிக்கல். அதே 2019-இல்தான் ராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்து, அரக்கோணம் அந்தப் பக்கம் போய்விட்டது. ராப் என்றால் இங்கிலீஷில் திட்டுவது என்று நினைத்திருந்தேன். இவர் தமிழின் எதுகை மோனையை வைத்தே அடிக்கிறார். சொல்ல வந்ததைப் பூசி மெழுகாமல் சாதியின் பேரைச் சொல்லியே சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. யாருக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏன் என்று மகள் கேட்டாள். அன்றைக்கு நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அப்புறம் நாலைந்து தடவை தனியாகக் கேட்டேன்.

சரி, எல்லாவற்றிலும் பிடித்தது எது?

ஆறு கேசட்டில் இருக்கிறது. கடையில் கிடைக்காது.

ஆர்மோனியக்காரர் ஒருநாள், தங்கள் ஜமாவின், அதாவது குழுவின், கூத்தை முழுசாகப் பதிந்து தர முடியுமா என்று கேட்டார். பாரதக் கூத்து பற்றித் தெரியாதவர்களுக்கு: வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தோடு படுகளம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. புரிசையும் பழைய வட ஆர்க்காடுதான். அங்கே கண்ணப்பத் தம்பிரான் இந்தக் கலைக்காக வாழ்ந்தது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும்.

நான் தொண்ணூறு நிமிஷ கேசட் ஆறு வாங்கிக்கொண்டு, பெரிய செல் ஆறு போட்ட டேப்ரெக்கார்டரோடு போனேன். அன்றைக்குக் கர்ண மோட்சம். நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூங்காமல் திருப்பிப் போட வேண்டும். நாலாவது கேசட், பி பக்கம். மூன்றரை மணி இருக்கும். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. டியூப்லைட் போயிற்று, மைக் செட் போயிற்று. என் டேப் மட்டும் செல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

கேசட்டில் அது அப்படியே இருக்கிறது. ஒலிபெருக்கி இரைச்சல் சட்டென்று அறுந்து, ஒரு நாய் குரைப்பு, யாரோ "பெட்ரோமாக்ஸ் எட்தாடா" என்று கத்துவது. அப்புறம் இருட்டுக்குள் ஆர்மோனியம் ஒரு சுருதியைப் பிடித்து விடாமல் நிற்கிறது. கர்ணன் வேஷக்காரர் மைக் இல்லாமல், ஒரு கட்டை மேலே ஏற்றி, விருத்தம் எடுக்கிறார். பதினெட்டு நிமிஷம் அந்த இருட்டு. திரும்ப வெளிச்சம் வந்ததும் ஒலிபெருக்கி கிறீச்சிடுகிறது, எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சலாக வரும்.

கேசட், சிடி இரவல் கிடைக்குமா?

மேலே சொன்ன எல்லாம் கிடைக்கும், பேர் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போகலாம். 'கால் ஆஃப் த வேலி' மூன்று பிரதி வைத்திருக்கிறேன், காரணம் தெரியும். கூத்து கேசட் மட்டும் வெளியே போகாது. கேட்க வேண்டுமென்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நாலாவது கேசட்டை பி பக்கமாகத் திருப்பி வைத்திருப்பேன்.